சென்னையில கம்மி செலவுல பல் வைத்தியம்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

எங்க ஏரியா வியாசர்பாடி. இங்க பல் வலின்னு யாரு வந்தாலும் எங்க போகணும்னு சொல்றது, துணைக்கு ஆள் இல்லன்னா கூடவே போறது, இதை நான் பல வருஷமா பண்றேன், அதனால ஒரே கேள்விங்க திரும்பத் திரும்ப வரும். நான் டாக்டர் கிடையாது. சிகிச்சை விஷயத்துல உங்க வாயைத் திறந்து பாத்த டாக்டர் சொல்றதுதான் கடைசி பேச்சு. ஆனா எங்க போறது, போனதும் என்ன கேக்குறது, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் லீவ் போடணும், இதெல்லாம் யாரும் உக்கார வச்சு சொல்றதில்ல. சென்னையில காசு இல்லன்னா பல் வைத்தியம் கிடைக்காதுன்னு நிறைய பேர் நினைச்சுட்டு வலியோடவே இருக்காங்க, அது உண்மையில்ல, கிடைக்கும். காசு கம்மியா ஆகுற இடத்துல நாள் அதிகமா ஆகும், தினக்கூலிக்குப் போறவங்களுக்கு நாளும் காசுதான், அதனால ரெண்டையும் சேர்த்து யோசிச்சுதான் கீழ எழுதியிருக்கேன்.

கேள்வி: கையில சுத்தமா காசு இல்ல, வலி உயிர் போகுது. முதல்ல எங்க போறது?

தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கோட்டை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல இருக்கு, ஜி.ஹெச்.சுக்கும் (அரசு பொது ஆஸ்பத்திரி) பக்கம்தான். 1953ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜோட ஒரு பிரிவா ஆரம்பிச்சு அப்புறம் தனி காலேஜா ஆனது. தாம்பரம், பல்லாவரம், கிண்டி பக்கம் இருந்து வர்றவங்க பீச் போற ரயில்ல ஏறி கோட்டை ஸ்டேஷன்ல எறங்கிடுங்க, பார்க் ஸ்டேஷனுக்கு அடுத்தது. வட சென்னைக்காரங்களுக்கு இதை விட பக்கத்துல வேற டெண்டல் காலேஜ் கிடையாது, அதனால நான் முதல்ல சொல்றது எப்பவுமே இதுதான்.

காலையில சீக்கிரம் போங்க. பத்து மணிக்கு மேல போயி நின்னீங்கன்னா ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டர் பாத்து, எக்ஸ்ரேக்கு அனுப்பி, அது முடிஞ்சு எந்த டிபார்ட்மெண்ட்டோ அங்க போறதுக்குள்ள அன்னிக்கு டைம் முடிஞ்சு "நாளைக்கு வாங்க"ன்னு ஆயிடும், ஒரு நாள் கூலி வீண். முதல்ல பாக்குற டாக்டர் கண்ணாடி வச்ச குச்சியோட பின்பக்கத்தால ஒவ்வொரு பல்லா தட்டிப் பாப்பாங்க, எந்தப் பல்லுல தட்டும்போது சுருக்குன்னு இருக்கோ அதை கரெக்டா சொல்லுங்க, "எல்லாம் வலிக்குது டாக்டர்"னு சொல்லாதீங்க. ராத்திரி வலி எழுப்புதா, சூடா குடிச்சா வலிக்குதா, ஜில்லுன்னு குடிச்சா வலிக்குதா, எவ்வளவு நேரம் நிக்குது, இதை வீட்லயே யோசிச்சு வச்சுக்கிட்டு போங்க. வலி மாத்திரை போட்டுட்டு போனா எத்தனை மணிக்கு போட்டீங்கன்னும் சொல்லிடுங்க, ஏன்னா மாத்திரை வேலை செய்யும்போது தட்டினாலும் சரியாத் தெரியாது.

கேள்வி: அங்க எல்லாமே ஃப்ரீயா?

பெரும்பாலான வைத்தியம் ஃப்ரீ. பல் எடுக்குறது, சொத்தை அடைக்கிறது, சுத்தம் பண்றது இதுக்கெல்லாம் பயப்பட வேண்டியதில்ல. கேப் (பல்லு மேல மாட்டுற உறை), பல் செட் மாதிரி லேப்ல செஞ்சு வர்ற சாமானுக்கு கட்டணம் இருக்கலாம், அதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. கேக்குறதுல எந்த வெக்கமும் வேண்டாம்.

கேள்வி: என்ன எடுத்துட்டு போகணும்?

ஆதார், போன், தினமும் போடுற மாத்திரைங்களோட அட்டை (மாத்திரை பேர் ஞாபகம் இல்லன்னா அட்டையைக் காட்டுனாலே போதும்), பழைய எக்ஸ்ரே இருந்தா அது. சாப்பிட்டுட்டு போங்க. வெறும் வயித்துல போயி மரத்துப் போற ஊசி போட்டதும் தலை சுத்தி விழுறவங்க நிறைய பேர். தண்ணி பாட்டிலும் ஒரு பன்னும் பையில இருக்கட்டும்.

கேள்வி: தனியார் டெண்டல் காலேஜ்ல சீப்பா பண்ணுவாங்கன்னு சொல்றாங்க, ஆனா அங்க ஸ்டூடண்ட்ஸ்தானே கை வைப்பாங்க? எங்க அம்மா பயப்படுறாங்க.

அம்மாவோட பயம் நியாயமானது, அதனால அங்க என்ன நடக்குதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன். பி.டி.எஸ். அஞ்சு வருஷப் படிப்பு, அதுல கடைசி வருஷம் ஹவுஸ் சர்ஜனா, அதாவது பயிற்சி டாக்டரா வேலை பாப்பாங்க. மூணாவது வருஷம், நாலாவது வருஷம் பசங்களும் பேஷண்ட் பாப்பாங்க, ஆனா கஷ்டமான கேஸை அவங்க கிட்ட குடுக்க மாட்டாங்க. அதுக்கு மேல எம்.டி.எஸ். படிக்கிற பி.ஜி. டாக்டருங்க இருப்பாங்க, இவங்க ஏற்கனவே பி.டி.எஸ். முடிச்ச முழு டாக்டருங்க, மூணு வருஷம் ஒரே பிரிவுல ஸ்பெஷலா படிக்கிறவங்க. இவங்க எல்லாருக்கும் மேல ஸ்டாஃப் டாக்டருங்க.

நான் கூட போயி உக்காந்து பாத்தது இது. ஒரு அம்மாவுக்கு கடவாய்ப் பல்லுல ரூட் கேனல், அதாவது பல்லைத் திறந்து வேருக்குள்ள சுத்தம் பண்ணி அடைக்கிற வைத்தியம். வைத்தியம் பாத்த, அங்க படிக்கிற பொண்ணு பல்லுல ஓட்டை போட்டு திறந்ததும் கையை எடுத்துட்டு ஸ்டாஃபைக் கூப்பிட்டா. அவரு வந்து கண்ணாடியை உள்ள விட்டு லைட்டைத் திருப்பிப் பாத்து, இன்னொரு வேர்க்குழாய் இருக்கும் தேடுன்னாரு, அப்புறம்தான் அடுத்த வேலை. ஊசி மாதிரி மெல்லிசா இருக்குற ஃபைலை உள்ள விட்டு ஒரு எக்ஸ்ரே, அளவு சரியான்னு திரும்ப அவர் பாத்து புக்ல கையெழுத்து. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் கையெழுத்து வாங்கணும், வாங்கலன்னா அவங்களுக்கு அந்த கேஸ் கணக்குல வராது. அதனால மெதுவாத்தான் நடக்கும், கிளினிக்ல முக்கா மணி நேரத்துல முடியுறது இங்க ரெண்டு மணி நேரம் ஆகும், வாயைத் திறந்து திறந்து தாடை வலிக்கும், அது உண்மை. ஆனா அவசரம் கிடையாது, ஒரு வேலையை ரெண்டு மூணு கண்ணு பாக்குது. அந்தப் பசங்களுக்கு படிப்பு முடிக்க இத்தனை கேஸ் பாக்கணும்னு கணக்கு இருக்கு, அதனால பேஷண்ட் வேணும், போன் பண்ணி "ஆன்ட்டி நாளைக்கு வந்துடுங்க"ன்னு ஞாபகப்படுத்துவாங்க.

பயம் போகலன்னா ஒண்ணு பண்ணுங்க, கடவாய்ப் பல் ரூட் கேனல், ஞானப்பல் எடுக்குறது மாதிரி வேலைக்கு "பி.ஜி. டாக்டர் கிட்ட பாக்கணும், முடியுமா"ன்னு கேளுங்க. கொஞ்சம் அதிகம் ஆகலாம், அப்பவும் வெளிய ஆகுறதை விட கம்மிதான்.

கேள்வி: எங்க வீட்டுக்கு எந்த காலேஜ் பக்கம்?

மேற்கால பூந்தமல்லி ரோட்டுல வேலப்பன்சாவடியில சவீதா, போரூர்ல ராமச்சந்திரா, மதுரவாயல் ஆலப்பாக்கத்துல மீனாட்சி அம்மாள், ராமாபுரத்துல எஸ்.ஆர்.எம்., முகப்பேர் கோல்டன் ஜார்ஜ் நகர்ல தாய் மூகாம்பிகை, குன்றத்தூர்ல மாதா. தெற்கால பள்ளிக்கரணை நாராயணபுரத்துல ஸ்ரீ பாலாஜி, சோழிங்கநல்லூர்ல சத்யபாமா, ஈ.சி.ஆர். உத்தண்டியில ராகாஸ், வண்டலூர் தாண்டி ரத்தினமங்கலத்துல தாகூர். கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஆளுங்களுக்கு சோழிங்கநல்லூரும் பள்ளிக்கரணையும் பக்கம்.

ஒவ்வொரு காலேஜுக்கும் ரேட் வேற, வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால போறதுக்கு முன்னாடி போன் பண்ணி ஓ.பி. நேரம், ரூட் கேனலுக்கு எவ்வளவு, கேப்புக்கு எவ்வளவுன்னு கேட்டுடுங்க. தேர்வு நேரம், காலேஜ் லீவு நேரத்துல ஸ்டூடண்ட்ஸ் கம்மியா இருப்பாங்க, அதையும் கேளுங்க. இந்த காலேஜ்லருந்து ஊருக்குள்ள பல் கேம்ப் போடுவாங்க, ஸ்கூல்ல, கோயில் மண்டபத்துல, சர்ச்சுல. கேம்ப்ல பாத்துட்டு சீட்டு எழுதிக் குடுத்தா அதைத் தூக்கிப் போடாதீங்க, அதைக் கொண்டு போனா சில காலேஜ்ல கட்டணம் குறைப்பாங்க. பொம்பளைங்களுக்கு எம்.டி.சி. சாதாரண பஸ்ல டிக்கெட் இல்ல, அதனால கொஞ்சம் தூரமா இருந்தாலும் ரேட் கம்மியா இருக்குற காலேஜுக்கு போறது நஷ்டமில்ல.

கேள்வி: நான் பெயிண்டர், தினக்கூலி. நாலு தடவை அஞ்சு தடவை வான்னா எப்படி முடியும்?

இந்தக் கேள்விதான் உண்மையான பிரச்சனை. வாங்க கணக்குப் போடலாம். உங்க ஒரு நாள் கூலி 800 ரூபான்னு வச்சுக்கோங்க. காலேஜ்ல ரூட் கேனலும் கேப்பும் முடிய அஞ்சு தடவை போனா 4,000 ரூபா கூலி போச்சு, காலேஜ் கட்டணம் தனி. வெளிய கிளினிக்ல சாயங்காலம் வேலை முடிச்சுட்டு போகலாம், ஆனா ரூட் கேனலும் கேப்பும் சேர்ந்து பத்தாயிரத்தைத் தாண்டுறது சாதாரணம். அப்போ காலேஜ் லாபம்தான், ஆனா "ஃப்ரீ"ன்னு நினைச்சுப் போனா ஏமாந்து போவீங்க, கூலி போகுறதையும் சேர்த்து முன்னாடியே ஒதுக்கி வைக்கணும்.

பல் எடுக்குறது, சின்ன சொத்தை அடைக்கிறது இதெல்லாம் வேற கணக்கு. இது ஒரே தடவையில முடியுற வேலை, சின்ன கிளினிக்ல சில நூறு ரூபாய்க்கு பண்றவங்க இருக்காங்க, ஒரு நாள் கூலியை விட்டுட்டு வரிசையில நிக்கிறதை விட சாயங்காலம் பக்கத்து கிளினிக்ல முடிச்சுக்கிறது சில பேருக்கு லாபமா இருக்கும். இதை நான் தைரியமா சொல்லுவேன். எல்லாத்துக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கே போன்னு சொல்றது கூலிக்காரங்க கஷ்டம் தெரியாத பேச்சு.

காலேஜுக்குத்தான் போறதுன்னு முடிவு பண்ணா முதல் நாளே "டாக்டர், நான் தினக்கூலி, ரெண்டு சிட்டிங்கை ஒரே நாள்ல பண்ண முடியுமா, எத்தனை தடவை வரணும், சனிக்கிழமை உண்டா"ன்னு நேரா கேளுங்க. நிறைய பேர் கூச்சப்பட்டு கேக்கவே மாட்டாங்க, கேட்டா டாக்டருங்க முடிஞ்ச வரைக்கும் அட்ஜஸ்ட் பண்றாங்க. எக்ஸ்ரே, ஸ்கேலிங் (பல் சுத்தம் பண்றது), பக்கத்துப் பல் ஃபில்லிங் எல்லாம் ஒரே நாள்ல வர்ற மாதிரி கேளுங்க. பெயிண்டிங், கட்டட வேலைக்காரங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழையில வேலை இல்லாத நாள் வருது, அவசரமில்லாத பல் வேலையை அந்த நாளுக்கு ஒதுக்கலாம். வீட்டு வேலைக்குப் போற அக்காங்க காலையில ரெண்டு வீட்டை மட்டும் முடிச்சுட்டு போகாதீங்க, லேட் ஆயிடும், முதல் நாள் சாயங்காலமே சொல்லி அரை நாள் கேட்டுக்கோங்க.

பாதியில மட்டும் விட்டுடாதீங்க. ரூட் கேனல் ஆரம்பிச்சு வலி நின்னதும் "சரியாயிடுச்சு"ன்னு விட்டுடுவாங்க, தற்காலிகமா அடைச்ச சிமெண்ட்டு கொஞ்ச நாள்ல பேந்துடும், உள்ள திரும்ப கிருமி போகும், பல் உடையும், கடைசியில புடுங்கத்தான் வேண்டி வரும். போன அத்தனை நாளும் வீண்.

கேள்வி: ரூட் கேனல் பண்ணணுமா, புடுங்கிட்டா போதுமா?

காசு இல்லாதவங்க எல்லாரும் புடுங்கிடுங்கன்னு சொல்லிடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். முன் பல்லும் மெல்லுற கடவாய்ப் பல்லும் முடிஞ்சா காப்பாத்துங்க. புடுங்கின இடம் காலியா விட்டா பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கி வரும், அப்புறம் ஒரு பக்கமாவே மென்னு மென்னு அந்தப் பக்கமும் கெடும், அதுக்கு பிரிட்ஜோ (பக்கத்துப் பல்லுங்க மேல பிடிச்சு நிக்கிற கட்டுப் பல்) பல் செட்டோன்னு போனா ரூட் கேனலை விட செலவு. ஞானப்பல், ரொம்ப ஆடுற பல், வேர் மட்டும் மிச்சமிருக்குற பல் இதெல்லாம் எடுக்குறதுதான் சரி. கேப் போட இப்போ காசு இல்லன்னா டாக்டர் கிட்ட சொல்லுங்க, நல்ல ஃபில்லிங் வச்சு கொஞ்ச மாசம் கழிச்சு போடலாமான்னு அவங்க பல்லைப் பாத்து சொல்லுவாங்க. சிரிச்சா தெரியாத பின் பல்லுக்கு மெட்டல் கேப் போதும், செராமிக்கை விட விலை கம்மி, உறுதியும் நல்லாவே இருக்கும்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு கார்டு பல்லுக்கு செல்லுமா?

சாதாரண ஃபில்லிங், ரூட் கேனல், பல் எடுக்குறதுக்கெல்லாம் அதை நம்பிப் போகாதீங்க. அது ஆஸ்பத்திரியில சேர்ந்து பண்ற பெரிய வைத்தியத்துக்கு, தாடை எலும்பு முறிவு, வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் மாதிரி. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்குற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, கார்டு இல்லன்னா எடுத்து வச்சுக்கோங்க. பிள்ளைக்குப் பொறக்கும்போதே உதடு, அண்ணம் பிளந்திருந்தா அதுக்கு இலவச ஆபரேஷன் உண்டு, ஸ்மைல் டிரெயின் அமைப்பு மூலமாவும் பண்றாங்க, காசு இல்லன்னு தள்ளிப் போடவே கூடாது.

கேள்வி: சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க. அதுல பல் பாப்பாங்களா?

பாப்பாங்க! இதை நிறைய பேர் கோட்டை விடுறாங்க. மாச சம்பளம் 21,000 ரூபா வரைக்கும் இருந்தா ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு உண்டு, உங்க சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிப்பாங்க, கம்பெனி 3.25 சதவீதம் கட்டும். ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிங்கள்ல ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலை பாக்குறவங்க, எக்ஸ்போர்ட் கார்மெண்ட்ஸ்ல தைக்கிறவங்க எல்லாம் சம்பள சீட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. பிடிச்சிருந்தா கான்ட்ராக்டர் கிட்ட ஈ.எஸ்.ஐ. நம்பர் கேட்டு வாங்குங்க, அது உங்க உரிமை. முதல்ல உங்களுக்கு ஒதுக்கின டிஸ்பென்சரி, அங்கிருந்து அயனாவரம் இல்லன்னா கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. வீட்டுக்காரர், பிள்ளைங்க, உங்களை நம்பி இருக்குற அப்பா அம்மாவுக்கும் பாக்கலாம்.

கேள்வி: தெருவுல இருக்குற கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில?

எல்லா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் பல் டாக்டர் கிடையாது. சில இடத்துல சாயங்காலம் பாலிகிளினிக் நடக்குது, குறிப்பிட்ட கிழமைல பல் டாக்டர் வருவாங்க, வேலை முடிச்சுட்டு போறவங்களுக்கு அந்த நேரம் ரொம்ப வசதி. வாசல் போர்டைப் பாருங்க, இல்லன்னா 104க்கு போன் பண்ணி கேளுங்க. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரிங்கள்லயும் பல் பிரிவு இருக்கு, கோட்டை வரைக்கும் போக முடியலன்னா அங்க போங்க.

கேள்வி: பக்கத்து கிளினிக்குக்குத்தான் போகப் போறேன். என்ன கவனிக்கணும்?

போர்டுல பி.டி.எஸ். இல்ல எம்.டி.எஸ்.னு இருக்கணும், தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண் இருக்கணும். பரம்பரை பல் வைத்தியம்னு எழுதி வச்சு அம்பது ரூபாய்க்கு பல் கட்டுறவங்க கிட்ட தயவு செஞ்சு போகாதீங்க, அவங்க பக்கத்துப் பல்லோட ஒட்டி வைக்கிற செயற்கைப் பல்லுக்கு அடியில அழுக்கு சேர்ந்து நல்லா இருந்த பல்லும் சேர்ந்து போறதை நிறைய பாத்துட்டேன்.

சுத்தத்தை கேளுங்க. 2023ல வாணியம்பாடியில ஒரு பல் கிளினிக்ல வைத்தியம் பாத்தவங்களுக்கு மெலியாய்டோசிஸ்னு ஒரு நோய் வந்து, அதோட கிருமி மூளை வரைக்கும் போயி எட்டு பேர் செத்துட்டாங்க. சுத்தம் பண்ணாத கருவியால சலைன் பாட்டிலைத் திறந்து, அதே பாட்டிலை மூடி வச்சு திரும்பத் திரும்ப உபயோகிச்சது காரணம்னு அப்புறம் ஆய்வுல வெளிய வந்துச்சு. அதனால கருவிங்களை சீல் போட்ட கவர்லருந்து உங்க கண்ணு முன்னாடி பிரிக்கிறாங்களா, கிளவுஸ் மாத்துறாங்களா, ஊசி புதுசான்னு பாருங்க. காசு கம்மியா குடுக்குறோம்ங்கறதுக்காக இதைக் கேக்காம இருக்க வேண்டியதில்ல.

ரேட் பேசும்போது "மொத்தம் எவ்வளவு"ன்னு கேளுங்க. ரூட் கேனல் 3,000னு சொல்லுவாங்க, அதுல எக்ஸ்ரே, மருந்து, கேப் சேராது. எழுதி வாங்குங்க. "ஆறு பல்லுக்கு ரூட் கேனல், உடனே ஆரம்பிக்கலாம், ஈ.எம்.ஐ. போட்டுத் தர்றோம்"னு சொன்னா அன்னிக்கே கையெழுத்துப் போடாதீங்க, எக்ஸ்ரேயை போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு அரசு பல் ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டுங்க. வலிக்கிற ஒரு பல்லை அவசரத்துக்கு பாத்துட்டு மத்ததை அங்க பண்ணிக்கலாம். கம்மலை அடகு வச்சு பல்லுக்கு கேப் போட்டவங்க எங்க தெருவுலயே இருக்காங்க, அந்த நிலைமை வரவே வேண்டாம். டாக்டர் கிட்டயே "ரெண்டு மூணு தவணையா குடுக்குறேன்"னு கேட்டா, சின்ன கிளினிக் வச்சிருக்கிறவங்க நிறைய பேர் ஒத்துக்கிறாங்க, வட்டியும் இல்ல.

கேள்வி: மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கியே சமாளிச்சுக்கிட்டு இருக்கேன், தப்பா?

ஒரு ராத்திரியை ஓட்ட பாரசிட்டமால் போடலாம், கிராம்பை வலிக்கிற பல்லு மேல வச்சு கடிச்சா கொஞ்சம் மரத்துப் போகும், வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில கொப்பளிக்கலாம். அதுக்கு மேல அது வைத்தியமில்ல. ஆன்டிபயாடிக்கை நீங்களே வாங்கிப் போடுறது பெரிய தப்பு, சொத்தைக்குள்ள இருக்குற கிருமியை மாத்திரை போயி துடைக்காது, பல்லைத் திறந்து சுத்தம் பண்ணணும் இல்ல எடுக்கணும். கடைக்காரர் கலந்து கட்டிக் குடுக்குற வலி மாத்திரையை வாரக்கணக்குல முழுங்கினா வயிறும் கிட்னியும் கெடும். புகையிலையை ஈறுல அடக்குறது, மாத்திரையைப் பொடி பண்ணி பல்லுல வைக்கிறது வேண்டவே வேண்டாம், ஈறு வெந்து போகும். டாக்டர் எழுதிக் குடுத்த மருந்தை மக்கள் மருந்தகத்துலயோ, 2025ல திறந்த முதல்வர் மருந்தகத்துலயோ கேளுங்க, அதே மருந்து பாதி விலைக்கும் கீழ கிடைக்கும்.

கேள்வி: கன்னம் வீங்கிருச்சு, காய்ச்சலும் இருக்கு. நாளைக்கு போலாமா?

வீக்கம் தாடைக்கு அடியிலயோ கழுத்துக்கோ இறங்குது, வாயைத் திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, மூச்சு விட கஷ்டமா இருக்குன்னா நாளைக்கு இல்ல, இப்பவே. ராத்திரின்னாலும் ஜி.ஹெச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், எது பக்கமோ அங்க கேஷுவாலிட்டிக்கு போங்க, 108 கூப்பிடுங்க. பல்லுலருந்து பரவுற சீழ் மூச்சுக்குழாயை அடைச்சு உயிரையே எடுக்கும். இப்போதைக்கு கன்னம் மட்டும் லேசா வீங்கியிருக்குன்னாலும் மறுநாள் காலைல முதல் வேலையா போகணும், சூடு ஒத்தடம் குடுக்காதீங்க.

கேள்வி: மேல் பல்லை எடுத்தா கண்ணு போயிடுமாமே? சுத்தம் பண்ணா பல் ஆடுமாமே?

ரெண்டும் பொய். கண்ணு நரம்புக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்ல. பல் ஆடுறது உள்ள சேர்ந்த காரையால ஈறும் எலும்பும் கரைஞ்சதால, காரையை எடுத்ததும் ஏற்கனவே இருந்த ஆட்டம் வெளிய தெரியுது, அவ்வளவுதான்.

கேள்வி: சுகர் இருக்கு, பல் எடுக்கலாமா? மாசமா இருக்கும்போது?

சுகர் இருந்தா ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டா சுகர் கட்டுக்குள்ள வராது, அதனால சுகர் இருக்குறவங்கதான் கண்டிப்பா பல்லைக் காட்டணும். மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வாங்குறவங்க அந்த நோட்டையே எடுத்துட்டு போங்க. சாப்பிட்டு, மாத்திரை போட்டு, காலை நேரத்துல போறது நல்லது. ஹார்ட்டுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க நீங்களா நிறுத்தாதீங்க, ரெண்டு டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். மாசமா இருக்குறவங்க டாக்டர் கிட்ட முதல்லயே சொல்லிடணும், நாலாவது மாசத்துலருந்து ஆறாவது மாசம் வரைக்கும் பல் வேலைக்கு வசதியான நேரம், ஆனா வலியும் வீக்கமும் இருந்தா மாசம் பாத்துட்டு இருக்காம போங்க.

கேள்வி: பால் பல்தானே, எப்படியும் விழும், அதுக்கு எதுக்கு செலவு?

கடவாய்ப் பால் பல் பத்து, பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கணும். முன்னாடியே போச்சுன்னா கீழ வர்ற பல்லுக்கு இடம் இல்லாம கோணலா வரும், பின்னாடி கிளிப் (பல்லை வரிசைப்படுத்துற கம்பி) செலவு. வலியில சாப்பிடாம, தூங்காம, ஸ்கூல்ல கவனம் இல்லாம பிள்ளை படுற கஷ்டம் தனி. அரசு ஸ்கூல் பிள்ளைங்களுக்கு புன்னகைன்னு பல் பரிசோதனைத் திட்டம் 2023ல ஆரம்பிச்சாங்க, ஸ்கூல்லருந்து சீட்டு வந்தா கண்டுக்காம விடாதீங்க. பாட்டில் பாலை வாயில வச்சுக்கிட்டே தூங்க வைக்காதீங்க, முன் பல் எல்லாம் பழுப்பா அரிச்சுப் போறது அதனாலதான்.

இன்னொண்ணு. பெரிய பசங்க கிரிக்கெட் ஆடும்போது விழுந்தோ பந்து பட்டோ நிரந்தரப் பல் முழுசா வெளிய வந்துட்டா அதை வேரைத் தொடாம மேல் பக்கமா பிடிச்சு எடுங்க, தேய்ச்சுக் கழுவாதீங்க, ஒரு டம்ளர் பால்ல போட்டுக்கிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள பல் டாக்டர் கிட்ட ஓடுங்க. திரும்ப வச்சு கட்ட வாய்ப்பிருக்கு. பால் பல்லுன்னா திரும்ப வைக்க மாட்டாங்க.

கேள்வி: பாட்டிக்கு பல் செட் கட்டணும். கிளிப் போடுறதுக்கும் காலேஜ் போலாமா?

ரெண்டுக்கும் காலேஜ்தான் என்னோட முதல் யோசனை. பல் செட்டுக்கு அளவு எடுக்குறது, கடி பாக்குறது, மெழுகுல வச்சு ட்ரையல், அப்புறம் குடுக்குறது, குத்துற இடத்தைத் தேய்ச்சு சரி பண்றதுன்னு பல தடவை வரும், துணைக்கு யார் போறதுன்னு வீட்ல முன்னாடியே பேசிக்கோங்க. ட்ரையல் அன்னிக்கு வாய் பேசச் சொல்லி, சிரிக்கச் சொல்லி பாருங்க, பிடிக்கலன்னா அப்பவே சொல்லணும், அப்புறம் மாத்த முடியாது. ராத்திரி கழட்டி தண்ணியில போட்டு வைக்கணும். கிளிப் ஒன்றரை ரெண்டு வருஷ வேலை, மாசா மாசம் போகணும், கட்டணத்தை தவணையா வாங்குற காலேஜ் இருக்கு. பிள்ளை ஸ்கூல் மாறினாலும் வீடு மாறினாலும் போக முடியுற தூரத்துல பாருங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் மாவா போடுவாரு. வாய்ல வெள்ளையா படிஞ்சிருக்கு, வலி இல்லங்கறாரு.

வலி இல்லாததுதான் பயம். ஹான்ஸ், மாவா, கூல் லிப் மாதிரி வாயில அடக்குற புகையிலை போடுறவங்களுக்கு வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண், வாய் முன்ன மாதிரி முழுசா திறக்காம போறது, இதுல எது வந்தாலும் உடனே காட்டணும். அரசு பல் ஆஸ்பத்திரியில வாயைப் பாத்து, சந்தேகம்னா சின்னதா சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954லருந்து ஏழை ஜனங்களுக்குப் பாக்குற இடம், அங்கயும் போகலாம். ஆரம்பத்துல கண்டுபிடிச்சா சின்ன வைத்தியத்துல முடியும். அவரைத் திட்டிக் கூப்பிடாதீங்க, வர மாட்டாரு. "பல்லைச் சுத்தம் பண்ணிட்டு வரலாம் வாங்க"ன்னு கூட்டிட்டுப் போங்க, சீட்டு போடும்போது டாக்டர் கிட்ட நீங்களே தனியா மாவா விஷயத்தைச் சொல்லிடுங்க.

கேள்வி: பல் எடுத்துட்டு வந்தாச்சு, வீட்ல என்ன பண்ணணும்?

வச்சு விட்ட பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல நல்லா கடிச்சுக்கிட்டு இருங்க. அன்னிக்கு முழுக்க துப்பாதீங்க, கொப்பளிக்காதீங்க, ஸ்ட்ரால குடிக்காதீங்க, பீடி சிகரெட் கூடாது, அங்க உறைஞ்ச ரத்தம் வெளிய வந்துட்டா தாங்க முடியாத வலி வரும். சூடு இல்லாத கஞ்சி, தயிர் சாதம், ஐஸ்கிரீம் சாப்பிடலாம். மறுநாள்லருந்து உப்புத் தண்ணி. அன்னிக்கு வெயிட் தூக்குற வேலைக்குப் போகாதீங்க, அந்த ஒரு நாள் கூலியையும் கணக்குல வச்சுக்கிட்டே தேதி குறிங்க. ரத்தம் நிக்காம வாய் நிறைய வந்துக்கிட்டே இருந்தா திரும்ப அதே ஆஸ்பத்திரிக்கு போங்க, ராத்திரியா இருந்தா பக்கத்து பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு ஓ.பி. சீட்டோட போங்க.